தாதியர் பரீட்சைக்குப் படிக்கும் நமது பிள்ளைகளுக்கு

நமது தோட்டங்களிலிருந்து தாதியர் பயிற்சிக்குப் போயிருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு வரும்போது அவர்களோடு உட்கார்ந்து பேசுவது எமது வழக்கம். கொப்பிகளையும் வாங்கிப் பார்ப்போம். கொப்பிகளில் ஒரு குறையும் இருக்காது. முத்து முத்தான எழுத்து, தலைப்புக்குக் கீழே சிவப்புக் கோடு, படங்களுக்கு நிறம். ஆனால் ஒரு பக்கத்தைத் திறந்து, "இது என்னாங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டால் பிள்ளை ஆங்கிலத்தில் நாலு வரியைக் கடகடவென்று ஒப்புவிக்கும். "சரி, அதை நம்ம பாஷையில சொல்லுங்க" என்றால் பேச்சு நின்றுவிடும். "பாடமாக்கித்தான் வச்சிருக்கேன், ஆனா சொல்லத் தெரியலைங்க" என்று தலையைக் குனிந்துகொள்ளும்.

இதில் பிள்ளையின் குற்றம் ஒன்றும் இல்லை. முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை, பயிற்சிக் கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தின் முன்னால் உட்காருகிறது. வாட்டில் சிங்களம் காதில் விழுகிறது. விளங்காததைப் பாடமாக்குவதைத் தவிர வேறு வழி அதற்குத் தெரிவதில்லை. முதலாவது பரீட்சையில் புள்ளி குறைந்தால், "வீட்டுக்கே வந்துடுறேன்மா" என்று போனில் அழுகை தொடங்கும். ஒரு பிள்ளை படிப்பை விட்டுத் திரும்பினால் அந்த லயத்தில் அடுத்த பிள்ளையை அனுப்பப் பெற்றோர் பத்துத் தடவை யோசிப்பார்கள். ஆகவே இந்த இதழில் படிக்கும் முறை பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அவர்களின் அம்மா அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

நாம் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம். படித்த பாடத்தை, கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பிய உங்கள் அம்மாவுக்கு விளங்கும்படி தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் பாடம் உங்களுடையது. அதன் பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வசனங்களில் எழுதிப் பழகுங்கள். முதலில் விளக்கம், பிறகு ஆங்கிலம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஒரு தாயை வைத்து ஐந்து பாடம்

உடலமைப்பியல் ஒரு கொப்பி, உடற்றொழிலியல் ஒரு கொப்பி, மருந்தியல் ஒரு கொப்பி, மகப்பேறு ஒரு கொப்பி என்று தனித்தனியாக அடுக்கிப் படிக்கும்போது எல்லாமே மலை போலத் தெரியும். ஆனால் நோயாளி அப்படித் துண்டு துண்டாக வருவதில்லை. ஒரே நோயாளியைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாடத்துக்கும் போய் வரலாம். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம்: ஆறு மாதக் கர்ப்பிணி, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர், "மேலுக்கு முடியல, ஏத்தம் ஏறுனா மூச்சு வாங்குது, தல கிறுகிறுங்குது" என்று கிளினிக்குக்கு வருகிறார்.

கீழ் இமையைத் தாழ்த்திப் பார்க்கிறீர்கள், வெளிறியிருக்கிறது. நாக்கும் உள்ளங்கையும் அப்படியே. இரத்தப் பரிசோதனையில் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 8 கிராம். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்று கொள்கிறோம். இவ்வளவும் நோயாளியை மதிப்பிடும் பகுதி.

இப்போது "ஏன்?" என்ற கேள்வியைத் தொடங்குங்கள். மூச்சு ஏன் வாங்குகிறது? செங்குழியத்தில் உள்ள ஈமோகுளோபின்தான் ஒட்சிசனைச் சுமக்கிறது. கூடை குறைந்தால் ஒரே கொழுந்தை மடுவத்துக்குக் கொண்டுபோக அதிக தடவை நடக்க வேண்டும் அல்லவா? அதுபோல, சுமக்கும் குழியம் குறைந்தபோது இதயம் வேகமாக அடித்து இருப்பதைக் கொண்டே வேலையை முடிக்கப் பார்க்கிறது. அதனால்தான் நாடித்துடிப்பு கூடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. இது உடற்றொழிலியல். இந்தக் காரணம் விளங்கினால் இரத்தச்சோகையின் அறிகுறிகளைப் பாடமாக்கத் தேவையே இல்லை, அவை தாமாக வந்து நிற்கும்.

கர்ப்ப காலத்தில் ஏன் இது கூடுகிறது? குருதியின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது, செங்குழியங்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. குழம்பில் தண்ணீர் கூடினால் உறைப்புக் குறைவது போல. கொஞ்சம் குறைவது இயற்கை. ஆனால் 8 கிராம் என்பது இயற்கை அல்ல, இரும்புச்சத்து போதாது என்று அர்த்தம். வயிற்றில் வளரும் பிள்ளையும் தாயிடமிருந்து இரும்பை எடுத்துக்கொள்கிறது.

இரும்பு ஏன் போதவில்லை? இங்கே சமூக சுகாதாரப் பாடம் வந்துவிடுகிறது. சாப்பாட்டில் கீரை, மீன், இறைச்சி, பருப்பு எவ்வளவு? அடுத்தடுத்த பிள்ளைப்பேறா? வெறுங்காலில் நடக்கும் பழக்கமா? கொக்கிப்புழுவின் குடம்பி ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. குருதி வழியே நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. பரீட்சைத்தாளில் இந்தச் சுற்றை வரையச் சொன்னால் பிள்ளைகள் திணறுகிறார்கள். தேயிலை மலையில் வெறுங்காலோடு நடக்கும் ஒருவரை மனதில் நினைத்துக்கொண்டு வரைந்து பாருங்கள், மறக்காது. முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு கிளினிக்கில் புழுமருந்து கொடுப்பதன் காரணமும் அதிலேயே கிடைக்கிறது.

அடுத்தது மருந்தியல். இந்தப் பத்தியைத் தோட்டத்தில் எல்லாரும் வாசிக்க வேண்டும். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்கக் கூடாது. தேயிலைச் சாயத்தில் உள்ள பொருள்கள் இரும்போடு சேர்ந்து குடல் அதை உறிஞ்ச விடாமல் தடுத்துவிடும். நாம் நாட்டுக்கே பறித்துக் கொடுக்கும் தேயிலை இந்த ஒரு இடத்தில் மட்டும் நமக்கு எதிரி! குளிசை எடுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னும் தேத்தண்ணியை நிறுத்தி வைக்கலாம். கல்சியம் குளிசையையும் அதே நேரத்தில் போடக்கூடாது, அதுவும் தடுக்கும். தேசிக்காய்த் தண்ணி, கொய்யா போன்ற விற்றமின் சி உள்ளவை உறிஞ்சுவதற்கு உதவும். குளிசை எடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், மலச்சிக்கலும் வரலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அம்மா பயந்து குளிசையைக் கூரை இடுக்கில் செருகி வைத்துவிட்டு, கேட்டால் "குடிச்சேன் மிஸ்ஸி" என்பார். பரீட்சையில் "நோயாளிக்கு வழங்கும் சுகாதாரக் கல்வி" என்று கேட்கும் பகுதி இதுதான். அந்தப் பகுதிக்குரிய புள்ளியை நமது பிள்ளைகள் சும்மா விட்டுவிடுகிறார்கள். "நல்ல உணவு சாப்பிடும்படி ஆலோசனை கூறல்" என்று ஒரு வரி எழுதினால் பரீட்சகர் எதற்குப் புள்ளி போடுவது? எந்த உணவு, குளிசை எந்த நேரம், எதோடு கூடாது, என்ன மாற்றம் தெரியும் என்று எழுத வேண்டும்.

அந்தத் தாய்க்குப் பிரசவம் வருகிறது. இது மகப்பேற்றுப் பாடம். சாதாரணப் பிரசவத்துக்குப் பின் 500 மில்லிலீற்றர் அல்லது அதற்கு மேல் இரத்தம் போனால் அதைப் பிரசவத்துக்குப் பிந்திய குருதிப்பெருக்கு என்று புத்தகங்கள் சொல்கின்றன. நமது தாயிடம் சேமிப்பு இல்லை. அதைவிடக் குறைவாகப் போனாலே ஆபத்து. ஆகவே அவரது நாடியும் பிரஷரும் என்ன சொல்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரத்தம் நிற்காததற்கு முதல் காரணம் பெரும்பாலும் கருப்பை சுருங்காமல் தளர்ந்திருப்பது. வயிற்றில் கை வைத்தால் பந்து போல் இறுக்கமாக இருக்க வேண்டிய கருப்பை மெதுவாக இருக்கும். உதவிக்குக் கூப்பிட வேண்டும், கருப்பையை மேலிருந்து தேய்த்துச் சுருங்கச் செய்ய வேண்டும், சலப்பையை வெறுமையாக்க வேண்டும், நரம்பு வழியே சேலைன் ஏற்றத் தயாராக வேண்டும், ஒக்சிடோசின் ஊசிக்குரிய ஏற்பாடு செய்ய வேண்டும். சலப்பையை ஏன் வெறுமையாக்குவது என்று வாய்மொழிப் பரீட்சையில் கேட்பார்கள். நிரம்பிய சலப்பை கருப்பையைத் தள்ளிவைத்துச் சுருங்க விடாது.

இரத்தம் ஏற்றினால் இன்னொரு பாடம். ஏற்றுவதற்கு முன் பெயர், கட்டிலட்டை, இரத்த வகை, பையின் இலக்கம், காலாவதித் திகதி எல்லாவற்றையும் இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். நமது தோட்டங்களில் ஒரே பெயருள்ள பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பெயர் ஒன்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முதல் பதினைந்து நிமிடம் நோயாளியின் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. குளிர் நடுக்கம், இடுப்புவலி, மூச்சுத்திணறல் என்று ஏதாவது தொடங்கினால் முதலில் செய்வது இரத்தத்தை நிறுத்துவது. டொக்டருக்கு அறிவிப்பது அதற்கு அடுத்தது. விடை தெரிந்தவர்களும் இந்த வரிசையை மாற்றி எழுதிப் புள்ளியை இழக்கிறார்கள்.

பாருங்கள், ஒரு கர்ப்பிணித் தாயோடு ஐந்து பாடத்துக்குள் போய் வந்துவிட்டோம். இப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு நோயாளிகளைத் தெரிந்தெடுங்கள்: நீரிழிவு உள்ள தாத்தா, மூச்சு முட்டும் ஆஸ்துமாக்காரர், வயிற்றோட்டம் கண்ட குழந்தை, எலிக்காய்ச்சலோடு வந்த வாலிபர், குடல்வால் சத்திரசிகிச்சை செய்தவர். ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய தாள். நடுவில் நோயாளி, சுற்றிலும் "ஏன்" என்ற கேள்விகள்.

"முதலில் என்ன செய்வீர்கள்?"

பல்தேர்வு வினாக்களில் பிள்ளைகளை மிகவும் குழப்புவது இந்தக் கேள்வி. நான்கு விடையும் சரியாகவே இருக்கும். எது முதலாவது என்பதுதான் கேள்வி.

குளவிக்கொட்டை எடுத்துக்கொள்வோம். நமது மலைகளில் அடிக்கடி நடப்பது. கொட்டுப்பட்டவரை வாட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். உடம்பெல்லாம் தடித்திருக்கிறது, உதடு வீங்குகிறது, குரல் அடைக்கிறது, பிரஷர் இறங்குகிறது. விடைகள்: கொட்டிய இடத்துக்கு மருந்து பூசுதல், ஒவ்வாமைக்கான குளோர்பெனிரமின் ஊசி, அட்ரினலின் ஊசி, உறவினரிடம் முழு விபரம் கேட்டல். முதலில் எது உயிரை எடுக்கும் என்று யோசியுங்கள். சுவாசப்பாதை அடைபடுவதும் பிரஷர் விழுவதும். இரண்டையும் ஒருசேரத் திருப்புவது அட்ரினலின்தான். வளர்ந்தவருக்கு ஆயிரத்துக்கு ஒன்று என்ற செறிவில் 0.5 மில்லிலீற்றர், தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். குறையாவிட்டால் ஐந்து நிமிடத்தின் பின் மறுபடியும். நோயாளியைப் படுக்கவைத்து காலை உயர்த்த வேண்டும், மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்கார விடலாம், சட்டென்று எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக்கூடாது. குளோர்பெனிரமினும் ஹைட்ரோகோட்டிசோனும் தேவைதான், ஆனால் அவை பின்னால் வருபவை.

நிறையக் குளவி கொட்டினால் கதை அத்தோடு முடிவதில்லை. விஷத்தால் தசைகள் சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். இரண்டாம் நாள் "ஆள் நல்லா இருக்காரு" என்று எல்லாரும் சொல்லும்போது, சிறுநீரின் அளவையும் நிறத்தையும் பார்க்கிறவர்தான் தாதி. வளர்ந்தவருக்கு மணித்தியாலத்துக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் அரை மில்லிலீற்றர் வர வேண்டும். ஐம்பது கிலோ ஆளுக்கு 25 மில்லிலீற்றர். குறைந்தால், அல்லது சாயத்தண்ணி நிறத்தில் போனால், உடனே அறிவிக்க வேண்டும்.

வரிசையை நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. சுவாசப்பாதை, சுவாசம், குருதியோட்டம், பிறகு மற்றவை. வலி முக்கியம்தான், ஆனால் மூச்சுக்குப் பிறகு. இன்னொன்று, தீங்கு தருவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் (ஏறும் இரத்தம், ஒத்துக்கொள்ளாத மருந்து) முதலில் அதை நிறுத்துவது.

மருந்துக் கணக்கு

"கணக்கு எனக்கு ஏறாது" என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மடுவத்தில் தராசைப் பார்த்தவுடனே எத்தனை கிலோ கழித்தார்கள், முழுப்பேரா அரைப்பேரா, மேலதிக கிலோவுக்கு எவ்வளவு வரும் என்று மனக்கணக்காகச் சொல்லும் அம்மாவின் பிள்ளைக்கு இது ஏறாமலா போகும்?

சேலைன் ஒரு லீற்றர், எட்டு மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும். குழாய் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விடும். நிமிடத்துக்கு எத்தனை துளி? மொத்தத் துளி 1000 தடவை 20, அதாவது 20,000. மொத்த நிமிடம் 8 தடவை 60, அதாவது 480. பிரித்தால் 41.6 சொச்சம், 42 துளி என்று கொள்வோம். பிழை வரும் இடம் ஒன்றே ஒன்று: மணித்தியாலத்தை நிமிடமாக்க மறப்பது.

விடை வந்ததும் ஒரு கணம் நின்று, "இது நடக்கக்கூடிய அளவுதானா?" என்று கேளுங்கள். ஒரு குழந்தைக்கு பத்துக் குளிசை என்று விடை வந்தால் எங்கோ புள்ளி இடம் மாறியிருக்கிறது. பரீட்சையில் புள்ளி இடம் மாறினால் மார்க்ஸ் போகும், வாட்டில் மாறினால் உயிர் போகும். தினமும் ஐந்து கணக்கு, சாப்பிடுவதற்கு முன். அவ்வளவு போதும்.

உளநலப் பாடம் பற்றி

இந்தப் பாடத்தைக் கடைசிக் கிழமைக்கு ஒதுக்கி வைப்பதைப் பார்க்கிறோம். அது சரியல்ல. உளநல நோயாளி உளநல வாட்டில் மட்டும்தான் இருப்பார் என்பதில்லை. காலை முறித்துக்கொண்டு சத்திரசிகிச்சை வாட்டில் படுத்திருக்கும் ஒருவர் மூன்றாம் நாள் இரவு கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊருது என்று சத்தம் போடுகிறார். வீட்டுக்காரர்கள் "பேய் பிடிச்சிருச்சு, மந்திரிக்கணும்" என்கிறார்கள். தினமும் குடித்துப் பழகியவருக்குக் குடி திடீரென்று நின்றால், இரண்டு மூன்று நாளில் இப்படி வரலாம். இது உயிராபத்து. அனுமதிக்கும்போதே "தினம் குடிப்பீங்களா, கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்று, குற்றம் சாட்டும் குரல் இல்லாமல் கேட்டிருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

செய்ய வேண்டியது என்ன? டொக்டருக்கு உடனே அறிவித்தல், காயம்படாமல் பாதுகாத்தல், வெளிச்சமான அமைதியான இடம், முடிந்தவரை ஒரே தாதி பேசுதல். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்ற விற்றமின் பி1 கொடுக்கிறார்கள். முதலில் குளுக்கோஸ் போனால் இருக்கிற கொஞ்சத் தயமினும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். பூச்சி ஊருது என்பவரிடம் "ஆமா ஊருது" என்றும் சொல்லக்கூடாது, "பைத்தியமா?" என்றும் கேட்கக்கூடாது. "எனக்குத் தெரியலைங்கண்ணே, ஆனா உங்களுக்குப் பயமா இருக்குன்னு விளங்குது, நான் இங்கதான் இருக்கேன்." இப்படிப் பேசுவதற்கு நமது பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆங்கிலச் சொல்லை உடைத்துப் படியுங்கள்

மருத்துவச் சொற்கள் நீளமாக இருந்தாலும் துண்டுகளால் ஆனவை. "ஐட்டிஸ்" என்று முடிந்தால் அழற்சி. "எக்டமி" என்றால் வெட்டி அகற்றுவது, "ஒஸ்டமி" என்றால் திறப்பு ஏற்படுத்துவது. அப்பெண்டிசைட்டிஸ், அப்பெண்டிசெக்டமி, கொலொஸ்டமி என்று வரும்போது மூன்றும் விளங்கிவிடும். "டக்கி" வேகம், "பிரடி" மந்தம், "ஈமியா" என்றால் இரத்தத்தில். "ஹைப்பர்" கூட, "ஹைப்போ" குறைய. இந்தக் கடைசி இரண்டையும் மாற்றிப் படித்தால் சீனி குறைந்து மயங்கிய ஆளுக்கு இன்சுலின் என்று எழுதி வைப்பீர்கள். ஒரு சிறிய கொப்பியில் நாளுக்கு ஐந்து சொல் எழுதுங்கள், பக்கத்தில் தமிழ், அதற்குப் பக்கத்தில் நோயாளி சொல்லும் சொல். "வயித்தால போகுது", "நெஞ்சு கரிக்குது", "கைகாலு ஓயுது". மூன்றாவது நிரலை யாரும் அச்சடித்துத் தரமாட்டார்கள், ஆனால் மலையகத்து ஆஸ்பத்திரிகளில் அதுவே பெரிய செல்வம். தோட்டத்துப் பாட்டி தன் வலியைச் சொல்லத் தெரியாமல் கண்ணீரோடு படுத்திருக்கும் வாட்டில், அந்தச் சொல் விளங்கிய ஒருவர் இருந்தால் நோயே சீக்கிரம் பிடிபடும்.

பரீட்சைத்தாளில் பெரிய வசனம் எழுத முயலாதீர்கள். ஒரு வசனம், ஒரு செயல், ஒரு காரணம். இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் கருத்து தெளிவாக நிற்கும். "கெஸ் கேள்வி" என்று விற்கப்படும் தாள்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். முந்திய வருட வினாத்தாள்களை உங்கள் சிரேஷ்ட மாணவியரிடமே கேட்டு வாங்கி, நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

படிப்பு விடுமுறையில் வந்த பிள்ளையைக் கல்யாணம், சடங்கு, திருவிழா என்று இழுக்காதீர்கள். காம்பராவில் இடம் இல்லை என்பது எமக்குத் தெரியும். இஸ்தோப்பில் ஒரு மேசையும் ஒரு நல்ல பல்பும், இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை தொலைக்காட்சிச் சத்தம் இல்லாமலும் இருந்தால் போதும். தம்பி தங்கைகள் நோயாளியாக நடிக்கலாம், கட்டுப்போட, நாடி பார்க்க, மூச்சு எண்ண. செய்முறைப் பரீட்சையில் கை நடுங்காமல் இருக்க அது உதவும். அம்மா செய்ய வேண்டியது ஒன்று: பிள்ளை பாடம் சொல்லும்போது, விளங்காத இடத்தில் "அது ஏன் அப்படி?" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்காவிட்டால் அது உங்கள் குறை என்று நினைக்காதீர்கள். பிள்ளை இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று அர்த்தம்.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் உள்ளோருக்கு ஒரு வார்த்தை. அரச தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோருவது வர்த்தமானி மூலம். தேவையான தகைமைகளை அந்த அறிவித்தலையே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், ஆட்கள் சொல்வதைக் கேட்டு அல்ல. தனியார் பயிற்சி நிலையம் ஒன்றுக்குக் காசு கட்டுவதானால், அந்தப் பயிற்சியை முடித்தால் இலங்கைத் தாதியர் சபையில் பதிய முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.

கீழே மூன்று கேள்விகள். விடையை மூடி வைத்துவிட்டு முயன்று பாருங்கள்.

1. டெங்கு நோயாளிக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. "வீட்டுக்குப் போகலாமா மிஸ்ஸி?" என்று தாயார் கேட்கிறார். கை கால் குளிர்ந்திருக்கிறது. பிரஷர் 100க்கு 80. என்ன செய்வீர்கள்?

2. பன்னிரண்டு கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பரசிட்டமோல் பாணி கொடுக்க வேண்டும். போத்தலில் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்று இருக்கிறது. எத்தனை மில்லிலீற்றர்?

3. எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. நிமிடத்துக்கு 54 தடவை மூச்சு விடுகிறது. இது வேகமா, சாதாரணமா?

விடைகள்

1. மேலும் கீழும் உள்ள பிரஷரின் வித்தியாசம் 20 தான். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் குருதியின் நீர் குழாய்களிலிருந்து வெளியே கசியும். இது அதிர்ச்சி நிலையின் அடையாளம். உடனே டொக்டருக்கு அறிவித்து, நாடி, பிரஷர், சிறுநீர் அளவு ஆகியவற்றை அடிக்கடி குறிக்க வேண்டும். அஸ்பிரின், இபுபுரொபன், டைக்ளோபெனக் கொடுக்கக்கூடாது.

2. 12 தடவை 15, 180 மில்லிகிராம். 180ஐ 120ஆல் பிரித்து 5ஆல் பெருக்கினால் 7.5 மில்லிலீற்றர்.

3. வேகம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் போனால் வேகமான சுவாசம். அழாமல் அமைதியாக இருக்கும்போது, ஒரு முழு நிமிடம், நெஞ்சைத் திறந்துவைத்து எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் வாய்மொழிப் பரீட்சையிலேயே பிடித்துவிடுவார்கள்.